பத்து இறுதிப் போட்டிகளும் ஒரு கேடயமும்: க்ளெர்மோன் ரக்பி அணியின் நூற்றாண்டு

1936 முதல் 2009 வரை பிரெஞ்சு ரக்பியின் தேசிய இறுதிப் போட்டியில் பத்து முறை ஆடிப் பத்து முறையும் தோற்ற அணி என்பதே க்ளெர்மோன் அணிக்கு நெடுங்காலம் வாய்த்திருந்த அடையாளம். தொடர்ந்து வந்த இத்தோல்விகளைச் சாபம் என்று சொல்லிக் கடந்துவிடுவது பத்திரிகைகளுக்கும் ரசிகர்களுக்கும் எளிதாக இருந்தது. ஆனால் அந்தப் பத்து ஆட்டங்களையும் எதிரணி, காலம், புள்ளி வித்தியாசம் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது, ஒரு தொழில் நகரத்தின் அணி முக்கால் நூற்றாண்டுக் காலம் உச்சத்துக்கு அருகிலேயே நின்றதன் சான்றாகவே அவை தெரிகின்றன. அணிக்குப் பதினைந்து பேர், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி முன்னேறி, எறியும்போது பின்னோக்கி மட்டுமே எறிந்து ஆடுகின்ற ரக்பி யூனியன், பிரான்சில் பெரும்பாலும் தென்மேற்கு மாவட்டங்களின் சிறுநகரங்களில் வேரூன்றிய ஆட்டம். க்ளெர்மோன்-ஃபெரான் நகரமோ அந்த வட்டாரத்துக்கு வெளியே, நாட்டின் நடுப்பகுதியில், அணைந்த எரிமலைகள் சூழ்ந்த ஓவெர்ன் மேட்டுநிலத்தில், சுமார் ஒன்றரை லட்சம் மக்களுடன் அமைந்துள்ளது.

அங்கே ரக்பி நிலைபெற்றதற்கு டயர் ஆலையே காரணம். சென்னைக்கு அருகே தேர்வாய் கண்டிகையில் உள்ள ஆலையால் தமிழ்நாட்டுக்கும் அறிமுகமான மிஷலின் நிறுவனம் 1889-இல் இந்த நகரில்தான் தொடங்கப்பட்டது. நிறுவனர்களில் ஒருவரான ஆந்த்ரே மிஷலினின் மகன் மார்செல் மிஷலின், ஆலைத் தொழிலாளர்களுக்கென 1911-இல் ஒரு விளையாட்டுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை என்று வாழ்க்கையின் எல்லாப் பக்கங்களையும் நிறுவனமே கவனித்துக்கொண்ட அந்தக் காலத்தில், விளையாட்டு மைதானமும் அந்த ஏற்பாட்டில் அடங்கியது. விளையாட்டு அணிகள் வணிக நிறுவனங்களின் பெயரைத் தாங்கக் கூடாது என்ற விதி வந்தபோது, சங்கம் 1922-இல் நகரின் பழைய பகுதியான மோன்ஃபெரானின் பெயரை ஏற்று, ‘ஆ. எஸ். எம்.’ என்ற முதலெழுத்துகளை மட்டும் அப்படியே காப்பாற்றிக்கொண்டது. நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்தில் சேர்ந்ததற்காகக் கைதான மார்செல் மிஷலின், ஜெர்மனிக்கு நாடு கடத்தப்பட்டு 1945-இல் அங்கே முகாமில் இறந்தார்; அணியின் மைதானம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருப்பது, கொடையாளி என்பதைவிடப் பெரிய காரணத்துக்காக அவர் நினைக்கப்படுவதைக் காட்டுகிறது.

ஆலையோடு கொண்ட இந்த உறவே அணியின் வரலாற்றை விளக்கும் திறவுகோல். ரக்பி யூனியனில் வெளிப்படையாகச் சம்பளம் கொடுப்பது 1995 வரை தடை செய்யப்பட்டிருந்தது. அத்தகைய காலத்தில், ஆட வருபவருக்கு ஆலையில் நிலையான வேலையைத் தரக்கூடிய அணிக்கு மற்றவர்களிடம் இல்லாத ஒரு வலு இருந்தது. க்ளெர்மோன் 1936-இல் நார்போனிடம் 3-க்கு 6 என்றும், அடுத்த ஆண்டு வியென் அணியிடம் 7-க்கு 13 என்றும், 1970-இல் லா வூல்ட் அணியிடம் 0-க்கு 3 என்றும், 1978-இல் பெஸியே அணியிடம் 9-க்கு 31 என்றும் தோற்றது. இவற்றுள் 1970 ஆட்டம் தனியாகக் கவனிக்கத்தக்கது: எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்துவதை ட்ரை என்பர், இன்று 5 புள்ளி பெறும் அதற்கு அன்று 3 புள்ளிதான், அப்படிப்பட்ட ஒரே ஒரு ட்ரை எண்பது நிமிட ஆட்டத்தையும் ஓர் ஆண்டின் பட்டத்தையும் முடிவு செய்தது. எழுபதுகளில் ரௌல் பரியேரின் பயிற்சியில் நாட்டையே ஆண்ட பெஸியேயிடம் பட்ட அடி ஒன்றுதான் இந்த நான்கில் திறமை வேறுபாட்டைக் காட்டும் தோல்வி.

வென்ற அந்த நான்கு அணிகளின் பிற்காலம் க்ளெர்மோனின் தோல்விகளுக்கு வேறொரு பொருளைத் தருகிறது. நார்போனும் பெஸியேயும் கீழ்ப்பிரிவுகளுக்கு இறங்கிவிட்டன. வியென் பெரிய ஆட்டங்களின் வட்டத்திலிருந்தே விலகிவிட்டது. லா வூல்ட், தனித்து நிற்க இயலாமல் அண்டை ஊரான வாலான்ஸின் அணியோடு இணைந்தது. சிறுநகர அணிகளைத் தூக்கி நிறுத்திய திறமையாளர் தலைமுறை ஓய்ந்ததும் அவற்றின் காலமும் முடிந்தது. ஆலையின் நிழலில் நின்ற க்ளெர்மோனோ, 1920-களின் நடுவில் ஏறிய முதல் பிரிவிலிருந்து இறங்கவே இல்லை. திரும்பத் திரும்பத் தோற்பதற்கும்கூட ஓர் அணி திரும்பத் திரும்ப இறுதிக்கு வர வேண்டும் என்ற எளிய உண்மையைச் சாபக் கதை மறைத்துவிடுகிறது.

1994 முதலான தோல்விகளுக்குக் காரணம் வேறு. 1994, 1999, 2001, 2008 ஆகிய நான்கு இறுதிகளிலும் எதிரே நின்றது ஒரே அணி, துலூஸ். 1994 முதல் 1997 வரை தொடர்ந்து நான்கு பட்டங்களை வென்ற அந்த அணியிடம், பெருநகரத்தின் வளமும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய ஆட்டப் பாணியும் சேர்ந்திருந்தன. இடையில் 2007-இல் ஸ்தாத் ஃப்ரான்ஸே அணிக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் ஒரு ட்ரையை விட்டுக்கொடுத்து 18-க்கு 23 என்று இழந்ததும், 2009-இல் பெர்ப்பிஞானிடம் 13-க்கு 22 என்று வீழ்ந்ததும் சேர்ந்தன. பத்துத் தோல்விகளில் ஏழின் வித்தியாசம் 6 புள்ளிகளோ அதற்கும் குறைவோதான் என்பதைக் கணக்கிட்டால், இரண்டு பெனால்ட்டி உதைகளின், அதாவது எதிரணியின் விதிமீறலுக்காகக் கிடைக்கும் தலா 3 புள்ளி வாய்ப்புகளின், எல்லைக்குள்தான் இந்த வரலாற்றின் பெரும்பகுதி அடங்கியிருந்தது.

அந்தச் சிறு இடைவெளியை அடைத்தவர் 2006-இல் பயிற்சியாளராக வந்த நியூசிலாந்துக்காரர் வெர்ன் காட்டர். முன்வரிசை ஆட்டக்காரர்களின் கட்டுப்பாட்டை அவர் கடுமையாக்க, அடுத்த ஆண்டு துணைப் பயிற்சியாளராக வந்த ஜோ ஷ்மிட் பின்வரிசையின் ஓட்டங்களைத் துல்லியப்படுத்தினார். மிஷலின் நிறுவனத்தில் உயர் பொறுப்பு வகித்த ரெனே ஃபோந்தேஸ் அணித் தலைவராக இருந்து, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இறுதியில் தோற்றபோதும் இந்தக் குழுவைக் கலைக்காமல் காத்தார். தோல்விக்கு மறுநாளே பயிற்சியாளரை நீக்கும் வழக்கம் பரவிய காலத்தில் எடுக்கப்பட்ட இந்த முடிவு, எந்த ஆட்டக்காரரின் பங்களிப்புக்கும் குறையாத மதிப்புடையது.

2009-இல் சேர்ந்த மார்கன் பாரா, எஞ்சியிருந்த குறையை, அதாவது உதைகளின் துல்லியமின்மையை, நீக்கினார். அவர் ஆடிய ஸ்க்ரம் ஹாஃப் என்பது, இரு அணிகளின் முன்வரிசைகளும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரமிலிருந்து பந்தை எடுத்து ஆட்டத்தின் திசையைத் தீர்மானிக்கும் இடம். 2010 ஏப்ரலில் அயர்லாந்தின் லென்ஸ்டர் அணியிடம் ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் 28-க்கு 29 என்று தோற்றபோது, க்ளெர்மோனுக்காக உதைத்த ப்ராக் ஜேம்ஸின் பல உதைகள் இலக்குத் தவறியிருந்தன. அடுத்த மாதம் 29-ஆம் தேதி, பாரிஸ் புறநகரில் பெர்ப்பிஞானுடன் மீண்டும் நடந்த தேசிய இறுதியில் க்ளெர்மோன் 19-க்கு 6 என்று வென்றது. அந்த வெற்றியின் வடிவம் அணியின் பழைய இயல்புக்கு மாறானது: நபோலியோனி நலாகாவின் ஒரு ட்ரையைத் தவிர மற்றதெல்லாம் பிரதேசத்தைப் பிடித்து வைத்தல், உதைகளால் புள்ளி சேர்த்தல், எதிரணியைக் கோட்டைத் தாண்ட விடாமல் தடுத்தல் என்ற பொறுமையான உழைப்பு. 1892 முதல் வழங்கப்படும் பிரென்னூஸ் கேடயத்தை அன்று உயர்த்திய அணித்தலைவர் ஒரேலியன் ரூஜெரி, அதே அணிக்கு ஆடிய ழாக் ரூஜெரியின் மகன். முந்தைய இறுதித் தோல்விகளைக் களத்திலேயே அனுபவித்தவர்.

அதன் பின் வந்த ஆண்டுகளே உண்மையில் இந்த அணியின் பொற்காலம். 2009-இன் இறுதிப் பகுதியில் தொடங்கி, 2014 மே மாதம் கஸ்த்ர் அணி முறியடிக்கும் வரை, மார்செல் மிஷலின் மைதானத்தில் க்ளெர்மோன் தொடர்ந்து 77 ஆட்டங்களை வென்றது. தூரப் பயணம் செய்து வரும் எந்த அணியும் ஏறக்குறைய ஐந்து பருவங்களுக்கு அங்கே தோற்காமல் திரும்பவில்லை. ஆனால் நடுநிலைக் களத்தில் பழைய பலவீனம் மீண்டும் தெரிந்தது. 2013 ஐரோப்பிய இறுதியில் இரண்டு ட்ரை பெற்று 15-க்கு 6 என்று முன்னிலை வகித்த அணி, ஒரே ஒரு ட்ரை பெற்ற தூலோனிடம் ஜானி வில்கின்சனின் உதைகளால் 15-க்கு 16 என்று தோற்றது. ஆட்டத்தை உருவாக்குவதில் வல்ல அணிக்கு, கையில் வந்த ஆட்டத்தை மூடி முடிக்கும் திறன் போதவில்லை. 2015-இல் மீண்டும் தூலோனிடமும், 2017-இல் இங்கிலாந்தின் சாரசென்ஸ் அணியிடமும் ஐரோப்பிய இறுதிகளை இழந்தது. சாரசென்ஸிடம் தோற்ற சில வாரங்களிலேயே, காட்டருக்குப் பின் பொறுப்பேற்ற ஃபிராங்க் அசெமாவின் பயிற்சியில், தூலோனை 22-க்கு 16 என்று வென்று இரண்டாவது கேடயத்தைப் பெற்றது, மனவலிமையைப் பொறுத்தவரை 2010-ஐவிடக் கடினமான சாதனை.

2019-இல் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான சேலஞ்ச் கோப்பையை மூன்றாம் முறையாக வென்றும், தேசிய இறுதியில் ஐந்தாம் முறையாகத் துலூஸிடம் தோற்றும் அந்தத் தலைமுறை தன் கடைசி உச்சத்தைத் தொட்டது. 2021-இல் அசெமா விலக, அடுத்த ஆண்டு பாராவும், ஸ்க்ரம் ஹாஃபிடமிருந்து பந்தைப் பெற்று ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை ஹாஃப் இடத்தில் ஆடிய கமீல் லோபெஸும், உட்கள ஓட்டத்தில் சிறந்த வெஸ்லி ஃபோஃபானாவும் அணியை விட்டு நீங்கினர். தனிப்பட்ட செல்வந்தர்களின் பணம் பாயும் அணிகளும், சம்பள உச்சவரம்பும் சேர்ந்து ஆலையின் ஆதரவு முன்பு தந்த தனிச் சலுகையைக் குறைத்துவிட்ட நிலையில், க்ளெர்மோனின் அடுத்த மறுகட்டுமானம், பாராவும் லோபெஸும் விட்டுச்சென்ற அந்த இரண்டு இடங்களிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.