வினா யாருடையது?

போன இதழில் வெளியான என் மதிப்புரையைப் படித்த நண்பர் ஒருவர் வங்கிக் கௌண்டருக்கே வந்து சொன்னார்: "பத்து மார்க் கேள்விக்கு எழுதின மாதிரி இருக்கு வே." மறுக்க முடியவில்லை. முன்னுரை, உள்ளடக்கம், உருவம், குறைகள், முடிவுரை. உபதலைப்புகள் இல்லையே தவிர, அவற்றின் வரிசை அப்படியே இருந்தது. இந்த வரிசையை எங்கே கற்றேன் என்று யோசித்தபோது, ஆங்கில இலக்கியம் படித்த கல்லூரி நினைவுக்கு வரவில்லை. கல்லூரிக்கென்று என்னைத் தயார் செய்த பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளே வந்தன.

1978இல் புகுமுக வகுப்பு கல்லூரியை விட்டு, மேல்நிலை வகுப்பாகப் பள்ளிக்குள் வந்தது. 2006இல் நான் அதில் சேர்ந்தேன். பதினோராம் வகுப்புப் புத்தகங்களைக் கொடுத்தார்கள், அட்டை போட்டோம், திறக்கவில்லை. ஆடி பிறப்பதற்குள் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிட்டது. ஒரே பாடம், இரண்டு ஆண்டுகள். 1200க்கு எத்தனை என்பதொன்றே லட்சியம். தமிழ்நாட்டில் பல பள்ளிகளில் இதுவே நடைமுறை என்பது ஊரறிந்த ரகசியம். பரிகாரமாக அரசு 2018இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தது; 2025இல் அதைக் கைவிட்டது. பரிகாரத்தின் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். படிக்கப்படாத புத்தகத்தைப் படிக்கவைக்க, இன்னொரு வினாத்தாளைத் தவிர வேறெதுவும் நமக்குத் தோன்றவில்லை.

கைடுகளைப் பழிப்பது சுலபம். நான் அதைச் செய்யப்போவதில்லை. உரையோடு சேர்த்து நூலைப் படிப்பது நம் மரபு. உரைக்கு நன்னூல் சொல்லும் 14 உறுப்புகளில் வினாவும் உண்டு, விடையும் உண்டு. ஆனால் உரையில் வரும் வினா, நூலைப் படிக்கிறவனுக்கு எழக்கூடிய ஐயம். கைடில் வரும் வினாவோ வினாத்தாள் தயாரிப்பவருடையது. நூலைவிட்டு அவர் மனதை ஊகிக்கப் பழகுகிறான் மாணவன்.

எங்கள் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர் சிவஞான முனிவர். 1785இல் மறைந்தார். தொல்காப்பியத்தின் பாயிரத்துக்கும் முதற் சூத்திரத்துக்கும் மட்டும் ஒரு விருத்தி எழுதினார்; பழைய உரையாசிரியர்களை அதில் மறுத்தார். நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் எழுதிய விருத்தியுரையை எடுத்துத் திருத்தினார், சேர்த்தார். இலக்கண விளக்கத்தை மறுத்தெழுதிய நூலின் பெயரிலேயே 'சூறாவளி' இருக்கிறது. அதில் சில இடங்களில் நியாயத்தைவிட வேகம்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றும். இருந்தாலும் அவர் கேட்ட கேள்விகள் அவருடையவை. ஒரு சூத்திரத்தின் முன் அத்தனை நேரம் நிற்பதற்கு அவரை வேறு யாரும் பணித்திருக்க முடியாது.

இதைச் சொல்லிவிட்டு மடத்துப் படிப்பை ஏங்கிக்கொண்டிருப்பது அயோக்கியத்தனம். மில் தொழிலாளியின் பேரனான எனக்கு அந்தக் கதவு திறந்திருக்காது. என் முகம் பாராமல் மார்க் போட்ட பொதுத்தேர்வுதான் கல்லூரிக்கு அனுப்பியது. வங்கி நாற்காலியும் இன்னொரு வினாத்தாள் தந்ததே. அந்த முறைக்கு நான் கடன்பட்டவன். கடனை ஒப்புக்கொண்டுதான், அது என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது எது என்று கேட்கிறேன்.

நம் பத்திரிகைகளிலும் வினாத்தாள்கள் இருக்கின்றன. படிமம் உண்டா, சமூகப் பார்வை உண்டா, யாருடைய பாதிப்பு? பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பாடத்திட்டம் மாறுகிறது; விடை எழுதும் கை மாறுவதில்லை. ஒரு விமர்சகன் தான் திகைத்து நின்ற இடத்தை எழுதியதாக நம்மிடையே அநேகமாகப் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

நண்பரிடம் அன்று சொல்லாததை இங்கே சொல்ல வேண்டும். நான் மதிப்புரை எழுதிய அந்தத் தொகுதியில் ஒரு கவிதை எனக்குப் பிடிபடவில்லை. மூன்று முறை படித்தேன். மற்றவற்றைவிட அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. மதிப்புரையில் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. தெரியாத கேள்வியை விடுவதுபோல, சாய்ஸில் விட்டுவிட்டேன். மதிப்புரையை அந்தக் கவிதையிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.