எழுந்து நடக்காதவர்களின் விசுவாசம்

தக்காளி மண்டிக்கும் சர்க்கரை ஆலைக்கும் பெயர்பெற்ற பாலக்கோட்டு வட்டாரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. தர்மபுரி மாவட்டத்தின் பாறைகளுக்கு அடியிலிருந்து வரும் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதைச் சிறுவயது முதல் பல்லாண்டு குடித்தவர்களுக்கு முதலில் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிகிறது. பிறகு மூட்டுகள் இறுகுகின்றன. குனிய முடியாதபடி முதுகுத்தண்டு விறைத்துப்போகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் குடிக்க ஏற்றதல்ல என்கிறது இந்தியத் தர அளவு. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரித் தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டுவந்தது. வளரும் பிள்ளைகளுக்கு அது பாதுகாப்பு. ஏற்கெனவே இறுகிவிட்ட முதுகெலும்பை நல்ல தண்ணீரால் பழையபடி ஆக்க முடியாது.

இது மெல்ல வரும் ஊனம். நொடியில் வருவதும் உண்டு. ஓசூருக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போனவர் சாரத்திலிருந்து விழுகிறார். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்கிறது. மரமேறியவரின் பிடி நழுவுகிறது. முதுகுத்தண்டு முறிந்தால் அதற்குக் கீழே உடல் இருந்தும் இல்லாததாகிறது.

இப்படி ஒன்று கிறிஸ்தவ வீட்டில் நேரும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. இது ஏன் வந்தது? இனி என்ன செய்வது? முதல் கேள்வியைப் பற்றித் திருச்சபைகள் நிறையப் பேசியிருக்கின்றன. இரண்டாம் கேள்விக்குத் தமிழகத்தில் வாழ்ந்த சிலர் தங்கள் வாழ்க்கையாலேயே பதில் சொன்னார்கள். கிறிஸ்தவ நம்பிக்கையின் உரம் அந்த இரண்டாம் பதிலில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

படுக்கையிலிருந்து எழுதியவர்

அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல், 1901இல் நெல்லைச் சீமையின் டோனாவூருக்கு வந்தார். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படும் நிலையிலிருந்த பெண் குழந்தைகளுக்கு அங்கே ஒரு வீட்டை உருவாக்கினார். எல்லாருக்கும் அவர் 'அம்மா'. 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில், இருட்டும் நேரத்தில், புதிதாக வெட்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. அப்போது அவருக்கு 63 வயது. 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறைக்குள்தான் இருந்தார்.

அந்த ஆண்டுகளில் அவர் எழுதிய நூல்களில் 1933இல் வெளிவந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' தனித்து நிற்கிறது. நோயாளிகளுக்கென்று சுகமாக இருப்பவர்கள் எழுதும் புத்தகங்கள் நோயாளியின் தலையணையை எட்டுவதில்லை என்பதை அவர் படுத்த பிறகுதான் முழுதாக உணர்ந்தார். அதனால் நோயுற்ற ஒருவர் நோயுற்றவர்களுக்கு எழுதும் நூலாக அதை அமைத்தார். நோயாளிகளுக்கான எழுத்தில் இது முக்கியமான திருப்பம். ஆறுதல் சொல்லும் உரிமை அடிபட்டவரின் கைக்கு மாறியது.

கொல்லிமலையில் மிஷனரி ஈவ்லின் பிராண்ட் காட்டியது வேறொரு வழி. கணவர் ஜெஸி பிராண்ட் 1929இல் காய்ச்சலில் இறந்தார். முதுமையில் ஓய்வுபெற்ற பிறகு ஈவ்லின் மலைக்கே திரும்பி வேலையைத் தொடர்ந்தார். இடுப்பெலும்பு முறிந்த பிறகு இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றியும் மட்டக்குதிரையில் ஏறியும் ஊர் ஊராகப் போனார். 1974இல், 95 வயதில் காலமானார்.

வேலூரில் ஒரு சக்கர நாற்காலி

ஈவ்லினின் மகன் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளியின் விரல்கள் அழுகி உதிர்வதில்லை என்பதை அவர் நிறுவினார். நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால் சூடும் வெட்டும் உறைக்காமல், காயத்துக்கு மேல் காயம் பட்டே விரல் குறைகிறது. தூங்கும்போது எலி கடித்தால்கூடத் தெரியாது என்பதால் நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்தார்கள். தெய்வ தண்டனை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட ஒன்றுக்கு மருத்துவக் காரணம் கண்டு, விரலைக் காக்கவும் வழிசெய்தார் ஒரு விசுவாசி. இறையியலுக்கும் அது பெரிய உதவி.

அவரிடம் பயின்றவர்தான் மருத்துவர் மேரி வர்கீஸ். கொச்சிக்கு அருகே செராயியில் 1925இல் பிறந்தவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் எண்ணம். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களுடன் உல்லாசப் பயணம் போன வண்டி, ஒரு பேருந்தை முந்தப் போய்க் கவிழ்ந்தது. மேரியின் முகம் கிழிந்தது, முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவே இல்லை.

அவருக்காக ஏறெடுத்த ஜெபங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவர் நடக்கவில்லை. உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவை சிகிச்சை ஒன்று உண்டு, அது கையில் செய்வது என்று பிராண்ட் வழிகாட்டினார். தொழுநோயில் மடங்கிப்போன கையை நிமிர்த்தும் முறை நுட்பமானது. முன்கையில் இன்னும் வேலை செய்யும் ஒரு தசையைத் தேர்ந்தெடுப்பார்கள். அதன் தசைநாணோடு நான்கு இழைகளாகப் பிரித்த ஒட்டு ஒன்றை இணைத்து, உள்ளங்கை வழியாகக் கொண்டுபோய் விரலுக்கு ஓர் இழையாகத் தைப்பார்கள். காயம் ஆறியதும் பழைய தசைக்குப் புதிய வேலையைப் பழக்க வேண்டும். பல வாரப் பயிற்சிக்குப் பிறகு அந்தக் கை மறுபடியும் சோற்றைப் பிசையும், பேனாவைப் பிடிக்கும். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி மேரி இதைச் செய்தார். அவரது நாற்காலியைப் பார்த்த தொழுநோயாளிகள் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டார்கள்.

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் தனக்கான மறுவாழ்வுப் பயிற்சியைப் பெற்றார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் அதையே மருத்துவத் துறையாகக் கற்றார். 1963இல் வேலூரில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் அங்கேயே பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இந்த வகையில் அது முன்னோடி. 1972இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 1986இல் மறைந்தார்.

பாகாயத்தில் கற்றுத்தரப்படுபவை சிறு காரியங்கள் போலத் தெரியும். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பிப் படுப்பது, சிறுநீர் வடிகுழாயைச் சுத்தமாகப் பயன்படுத்துவது, கைவலுவால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. முதுகுத்தண்டு முறிந்தவரின் உயிர் இவற்றில்தான் நிற்கிறது. 'கைவிடப்படவில்லை' என்ற விசுவாச அறிக்கை அங்கே அன்றாட வேலையாக நடக்கிறது.

யாருடைய பாவம்?

பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டதை யோவான் நற்செய்தி சொல்கிறது. பாவத்தைக் காரணமாக்கும் அந்தக் கணக்கை இயேசு மறுத்தார். பாலக்கோட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் தண்ணீரிலேயே இருக்கிறது. முதுகு இறுகிய பெரியவர் செய்த பாவம், ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரில் தாகம் தீர்த்துக்கொண்டது மட்டும்தான்.

இருந்தும் அந்தப் பழைய கேள்வி ஓயவில்லை. 'விசுவாசம் போதவில்லை', 'மறைவான பாவம் ஏதோ இருக்கிறது' என்ற சொற்கள் சுகமளிக்கும் கூட்டங்களிலும் வீட்டு ஜெபங்களிலும் இன்றும் கேட்கின்றன. சுகம் கேட்டு ஜெபிப்பதில் தவறில்லை. சுகம் வராதபோது நோயாளியையே குற்றவாளியாக்குவது கொடுமை. உடல் ஒருமுறை முறிந்தவரை அது ஆவியிலும் முறிக்கிறது.

அமெரிக்காவில் 1967இல், 17 வயதில், தண்ணீரில் குதித்துக் கழுத்தெலும்பு முறிந்த ஜோனி எரக்சன், சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய் அதே சக்கர நாற்காலியில் திரும்பியதை மறைக்காமல் எழுதினார். பிறவியிலேயே எலும்புக் குறைபாடுள்ள நான்சி ஐஸ்லண்ட், 1994இல் எழுதிய 'தி டிஸேபிள்டு காட்' நூலில் இன்னும் ஒரு படி மேலே போனார். உயிர்த்தெழுந்த பிறகும் கிறிஸ்துவின் கைகளில் ஆணித் தழும்புகள் இருந்தன. தோமா தொட அழைக்கப்பட்டது அந்தத் தழும்புகளைத்தான். அப்படியானால் முழுமை என்பது காயமில்லாத உடலைக் குறிக்க வேண்டியதில்லை. தொடைச் சந்து பிசகி நொண்டியபடியே ஆசீர்வாதம் பெற்ற யாக்கோபும், இரண்டு கால்களும் முடமாயிருந்தும் தாவீதின் பந்தியில் நித்தமும் உண்ட மேவிபோசேத்தும் இந்த வாசிப்பில் புதிதாகத் துலங்குகிறார்கள்.

எழுதப்படாதவர்கள்

இந்த எழுத்துகளில் ஒரு பெரிய குறை உண்டு. நமக்குக் கிடைக்கும் வரலாறுகள் பெரும்பாலும் மிஷனரிகளையும் மருத்துவர்களையும் பற்றியவை. அவர்களுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இருந்தது, வெளிநாட்டுச் சிகிச்சைக்கு வழி இருந்தது, கதையை எழுத ஆள் இருந்தது. சாரத்திலிருந்து விழுந்த கூலித் தொழிலாளியின் விசுவாசம் நூலாவதில்லை. அவரை இருபது வருடம் புரட்டிப் படுக்கவைக்கும் மனைவியின் நம்பிக்கையும் சாட்சி நேரத்தில் ஒலிப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். அவர்களில் ஒரு சிலரின் குரல்தான் சபைக்குள் கேட்கிறது.

அவர்கள் சபைக்கு வராததற்குப் பல இடங்களில் காரணம் வாசற்படிதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் வழிபாட்டுக்கானவற்றையும் சேர்த்துத்தான் வரையறுக்கிறது. வாசல் ஓரடி உயரம் என்றால் சாய்தளம் பன்னிரண்டடி நீளம் வேண்டும். ஒரு கொத்தனாருக்கு அது சில நாள் வேலை.

தர்மபுரி மாவட்டத்துச் சபைகளுக்கும் பங்குகளுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். வீட்டோடு கிடப்பவர்களின் பட்டியலை இந்த மாதமே எடுங்கள். அடுத்த திருவிழா அலங்காரத்துக்கு முன் சாய்தளத்தைக் கட்டுங்கள். அரசின் அடையாள அட்டைக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் கூடவே போய் மனு எழுதிக் கொடுங்கள். பாகாயம் போன்ற இடத்துக்குக் கூட்டிப்போக வண்டிச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு அவர்களிடம் ஒலிவாங்கியைக் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள், அதை எழுதி வையுங்கள். அவர்களுக்காக நாம் ஜெபித்தது போதாது. அவர்கள் நடத்தும் ஜெபத்தில் நாம் உட்கார்ந்து ஆமென் சொல்ல வேண்டும்.