கறுப்பின் மேல் கரி

பஹாமாஸில் பிறந்த பெர்ட் வில்லியம்ஸ் (1874–1922) கறுப்பர். ஆனாலும் முகத்தில் கருக்கிய தக்கைக் கரியைப் பூசிக்கொண்டுதான் அமெரிக்க மேடைகளில் பேர் வாங்கினார். ஏற்கெனவே கறுப்பா இருக்கிறவனுக்கு எதுக்குக் கரி? கறுப்பன் எப்படி இருப்பான் என்பதை, கரி பூசிய வெள்ளை நடிகர்கள் முன்பே தீர்மானித்துவிட்டிருந்தார்கள். அந்தப் போலியைப் போலச் செய்தால்தான் அசலுக்கு இடம்.

1913இல் பயோகிராஃப் நிறுவனம் அவரை வைத்து எடுத்த படம் முடிக்கப்படாமலே கிடந்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2014இல் அச்சுருள்களைத் தொகுத்துக் காட்டியது. அதில் வில்லியம்ஸ் முகத்தில் கரி. சுற்றியுள்ள கறுப்பு நடிகர்களோ சொந்த முகத்தோடு. அவர் ஒருவர் முகமூடி போட்டதால் மற்றவர்கள் தப்பினார்கள் என்பது ஒரு வாசிப்பு. இருக்கலாம். ஆனால் இதைத் தியாகக் கதையாக்கி முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

படத்தில் ஒடெசா வாரன் கிரேயை அவர் முத்தமிடுகிறார். கறுப்பு உடலுக்கு வெள்ளைச் சினிமா அனுமதித்தது இளிப்பையும் அச்சுறுத்தலையும்தான், காதலை அல்ல. இந்த முத்தத்தில் கரிக்குள்ளிருந்து ஒரு மனுஷன் வெளியே வந்துடறான். 1915இல் ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ கரி பூசிய வெள்ளையரைக் கொண்டு கறுப்பனை மிருகமாக்கியது, ஊரெல்லாம் ஓடியது. முத்தமோ நூறு வருஷம் பெட்டிக்குள் கிடந்தது. சினிமா வரலாறு என்று நாம் படித்தது, திரைக்கு வர அனுமதிக்கப்பட்டவற்றின் வரலாறு.