வாள்களுக்கு எண் கொடுத்தவர்: ஓக்‌ஷாட்டை எப்படி வாசிப்பது?

ஐரோப்பிய இடைக்கால வாள்களைப் பற்றி இணையத்தில் எதைத் தேடினாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு பெயர் வந்துவிடும்: எவார்ட் ஓக்‌ஷாட் (1916–2002). இவர் கல்லூரியில் வரலாறு படித்தவர் இல்லை. லண்டனில் ஓவியம் படித்து, கம்பெனிகளுக்குப் படம் வரைந்து பிழைத்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்து, காயம்பட்டுத் திரும்பியவர். இளம் வயதிலேயே பழைய வாள்களை வாங்க ஆரம்பித்துவிட்டார். வாங்கிய வாளைப் பற்றிப் படிக்கலாம் என்று பார்த்தால் உருப்படியான புத்தகம் குறைவு. கடைசியில் அவரே எழுதினார். 1960, 1964, 1991 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று புத்தகங்கள்தான் இன்றுவரை இந்தத் துறைக்கு அடிப்படை.

பிழைப்புக்கு ஒரு வேலை, மனசுக்கு இன்னொரு வேலை என்று வாழும் என்னைப் போன்றவர்களுக்கு இவர் ஹீரோ மாதிரி. அதனாலேயே இவரைக் கொஞ்சம் கறாராகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிடியிலிருந்து அலகுக்கு

இவருக்கு முன்பே வாள்களை வகைப்படுத்தியவர்கள் உண்டு. நோர்வேக்காரரான யான் பெட்டர்சன் 1919-ல் வைகிங் வாள்களைப் பிடியின் அமைப்பை வைத்துப் பிரித்தார். 1927-ல் மார்ட்டிமர் வீலர் அதைச் சுருக்கி ஏழு வகையாக்கினார். ஆமாம், பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்து, 1945-ல் புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டைத் தோண்டினாரே, அதே வீலர்தான்! ஓக்‌ஷாட் அந்த ஏழோடு இரண்டைச் சேர்த்தார். தன்னுடைய இடைக்கால வரிசையைப் பத்தில் தொடங்கி 22 வரை, மொத்தம் 13 வகைகளாகக் கொண்டுபோனார். அவர் எழுதியது ரோமன் எண்களில்.

அவர் செய்த பெரிய மாற்றம், பிடியை விட்டுவிட்டு அலகைப் பார்த்தது. அலகு என்றால் வெட்டும் பகுதி. அதன் நீளம், எப்படிக் குறுகுகிறது, நடுவில் ஓடும் பள்ளம், குறுக்குவெட்டு, முனை, இவைதான் அளவுகோல். குமிழுக்கும் குறுக்குக் கம்பிக்கும் தனித்தனிப் பட்டியல் போட்டார். புரோகிராமர் பாஷையில் சொன்னால், ஒரே டேபிளில் குழம்பிக் கிடந்ததை மூன்று டேபிளாகப் பிரித்தார்.

இதன் பலன் உடனே தெரிகிறது. 10-ஆம் வகை அகலமானது, தட்டையானது, வெட்டுவதற்கானது. 15-ஆம் வகை விறைப்பானது, ஊசி மாதிரி முனை கொண்டது. சங்கிலிக் கவசம் போய்த் தகட்டுக் கவசம் வந்தபோது வெட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை, இடுக்கில் குத்த வேண்டும். அந்தக் கதையை அலகு சொல்லும், பிடி சொல்லாது.

சேகரிப்பு கொடுத்தது

இந்தப் பார்வை கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றவருக்கு வந்திருக்காது. இடைக்கால வாள் என்றால் தூக்கவே முடியாத இரும்புப் பாளம் என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு கையால் வீசும் வாள்கள் பெரும்பாலும் 1 கிலோவிலிருந்து 1.5 கிலோவுக்குள்தான். ஓக்‌ஷாட் இதைத் திரும்பத் திரும்ப எழுதினார். எடை எங்கே உட்காருகிறது, கை எப்படித் திரும்புகிறது என்பதெல்லாம் தூக்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

சேகரிப்பு மறைத்தது

ஆனால் கையில் கிடைப்பது எது? அழியாமல் தப்பியது, அதிலும் விற்பனைக்கு வந்தது. பல வாள்களுக்கு எந்த ஆற்றில், எந்தக் கல்லறையில் கிடைத்தது என்ற விவரமே கிடையாது. கிடைத்த இடம் தெரியாத பொருளுக்கு வடிவம் ஒன்றுதான் சாட்சி. அந்த வடிவமும் நம்பகமான சாட்சி இல்லை. தீட்டித் தீட்டி அலகு ஒடுங்கும். பழைய அலகுக்குப் புதுப் பிடி போடுவார்கள். போதாக்குறைக்கு 15-ஆம் வகை 13-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 15-ஆம் நூற்றாண்டு வரை நீள்கிறது. இதை வைத்துக் காலம் சொன்னால் அது காலமா?

சந்தையின் இரண்டு முகத்தையும் காட்ட காஸ்டியோன் ஒன்று போதும். நூறாண்டுப் போரின் கடைசிச் சண்டை 1453-ல் நடந்த ஊர் இது. 1970-களில் இதன் பக்கத்தில் டோர்டோன் ஆற்றிலிருந்து 80 வாள்கள் வரை கிடைத்தன என்கிறார்கள். ஒரே இடத்தில், ஒரே குவியலாக! முறையாகத் தோண்டிப் பதிவு செய்திருந்தால் பொன்னான ஆதாரம். அவை விற்பனையில் பல கைகளுக்குச் சிதறின. சிதறியதைத் தேடிப் பிடித்து, ஒப்பிட்டு, ஒரு தொகுதியாக எழுத்தில் சேர்த்தவர்களில் ஓக்‌ஷாட் முக்கியமானவர். சேகரிப்பாளர்களோடு அவருக்கு இருந்த பழக்கம் இதற்கு உதவியது. அதே சேகரிப்பாளர்களின் ஆசைதான் குவியலைச் சிதறடித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. வகை எண் என்பது ஆய்வுக்கான குறிப்பு. சந்தைக்குப் போனால் அதுவே முத்திரை ஆகிவிடுகிறது. எண் ஒட்டிய வாளுக்கு ஒரு கௌரவம் வருகிறது, அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மெல்ல மறந்துபோகிறது. இது ஓக்‌ஷாட் நினைத்துச் செய்ததல்ல. இருந்தாலும் விளைவு விளைவுதானே.

அப்போ எப்படி வாசிப்பது?

அவர் கொடுத்தது ஒரு மொழி, காலண்டர் இல்லை. “14-ஆம் வகை” என்றால் அகலமாகத் தொடங்கிச் சட்டென்று குறுகும் குட்டை வாள் என்று உலகம் முழுக்க ஒரே படம் மனதில் வருகிறது. அது பெரிய சாதனை. அதற்கு மேல் காலம் வேண்டும் என்றால், தேதி தெரிந்த கல்லறைச் சிற்பம், ஓவியச் சுவடி, அகழாய்வு என்று வேறு சாட்சி தேட வேண்டும். ஓக்‌ஷாட்டே முதல் இரண்டையும் தாராளமாகப் பயன்படுத்தினார். 1991 புத்தகத்தில் தன் பழைய கணிப்புகள் சிலவற்றைத் தானே திருத்தவும் செய்தார்.

அவரைக் கொண்டாடுகிறவர்கள் பலர் அந்த எண்களை மனப்பாடம் செய்துவிட்டு, இந்தத் திருத்தும் புத்தியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான். முப்பது வருஷம் கழித்தும் தன் ஸ்கீமாவைத் திறந்து மாற்றத் தயாராக இருந்தார். அவர் சேர்த்த வாள்கள் இப்போது அமெரிக்காவில் மினியாபொலிஸில் அவர் பெயரிலேயே இருக்கும் நிறுவனத்தில் இருக்கின்றன. அங்கே அவற்றைக் கையில் எடுத்துப் பார்க்கவும் விடுகிறார்கள். எண்ணை நம்புவதற்கு முன் எடுத்துப் பாருங்கள் என்பதுதான் அவருடைய முறை.