சீல் உடைக்காத மரியோ

2021 ஜூலை 11-ம் தேதி, ஹெரிடேஜ் ஆக்‌ஷன்ஸ் என்ற அமெரிக்க ஏலக் கம்பெனி ஒரு வீடியோ கேமை 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விற்றது. அன்றைய கணக்கில் நம் பணத்துக்கு 11 கோடியைத் தாண்டும். கேமின் பெயர் 'சூப்பர் மரியோ 64'. நிண்டெண்டோ 1996-ல் வெளியிட்டது. வாங்கிய புண்ணியவான் அதை விளையாட முடியாது. பெட்டியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தால் கோடிகளில் பெரும்பகுதி அந்த நிமிஷமே ஆவி!

சரி, கிடைக்கவே கிடைக்காத கேமா என்றால், அதுவும் இல்லை. உலகம் முழுக்க ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. பெட்டி இல்லாமல், பழையதாக, ஓடுகிற நிலையில் ஒன்று போதும் என்றால் நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்கும் காசில் முடிந்துவிடும். அப்படியானால் அந்தப் 11 கோடி எதற்கு?

பழைய கேம் எதை எடுத்தாலும் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். அசலா? அபூர்வமா? இந்த விலை தகுமா? முதல் கேள்விக்கு ஒரு திருப்புளி பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்குக் கொஞ்சம் சரித்திரம் தெரியவேண்டும். மூன்றாவதுதான் வம்பு. மூன்றையும் போட்டுக் குழப்பி ஒரே நம்பராக்கி பிளாஸ்டிக் பெட்டியில் ஒட்டி விற்கிறார்கள் என்பதுதான் என் புகார்.

முதலில் அசல் விவகாரம். கார்ட்ரிட்ஜ் என்றால் பயப்படவேண்டாம். தொண்ணூறுகளில் டி.வி.யில் இணைத்து விளையாடினோமே, அந்த வீடியோ கேமில் செருகுகிற 'கேசட்'. உள்ளே டேப் எதுவும் கிடையாது. ஒரு சர்க்யூட் போர்டு, சில சிப்புகள், அவ்வளவே. நம் ஊரில் கிடைத்தவற்றில் முக்கால்வாசி காப்பி. லேபிளில் '9999 இன் 1' என்று பெருமையாகப் போட்டிருக்கும். உள்ளே போனால் கொஞ்சம் கேம்களே பெயர் மாறி மாறித் திரும்ப வரும். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அசல் என்று ஒன்று இருப்பதே நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே நிண்டெண்டோவின் முதல் மெஷினுக்கு 1985-ல் வந்த கேசட்டுகளில் ஐந்து சாதாரண திருகாணிகள் இருக்கும். பிறகு மூன்றாகக் குறைத்தார்கள். அதுவும் வீட்டுத் திருப்புளிக்கு மசியாத, 3.8 மி.மீ. தனி முனை தேவைப்படுகிற திருகாணி. பின்னால் வந்த கேசட்டில் சாதாரண நட்சத்திரத் திருகாணி இருந்தால் முதல் சந்தேகம். திறந்தால் போர்டில் நிண்டெண்டோவின் பெயர் அச்சாகியிருக்கவேண்டும். சிப்பின் முதுகில் அந்தந்த கேமின் குறியீடு இருக்கவேண்டும். அதற்குப் பதில் கறுப்புப் பசையை ஒரு சொட்டு வைத்தாற்போல் இருந்தால் சந்தேகம் ஊர்ஜிதம். கையடக்க கேம்பாய் அட்வான்ஸில் வந்த 'போக்கிமான்' கேசட்டுகளுக்கு இன்னொரு சோதனை உண்டு. லேபிளை வெளிச்சத்தில் சாய்த்தால் மங்கலாக ஒரு எண் அழுத்தியிருப்பது தெரியும். போலிக்காரர்கள் பலர் இதற்கு மெனக்கெடுவதில்லை.

கில்லாடிப் போலி வேறு ரகம். விலை போகாத அசல் கேசட் ஒன்றை வாங்கித் திறந்து, சிப்பை மட்டும் கழற்றிவிட்டு, அபூர்வமான கேமை ஏற்றிய வேறு சிப்பை வைத்து ஈயம் வைத்துவிடுவார்கள். கூடு அசல், திருகாணி அசல், போர்டு அசல். கேம் மட்டும் டூப். இங்கே புதுசாக மின்னும் ஈயமும், 'எப்ராம்' சிப்பின் கண்ணாடி ஜன்னலை மறைக்கிற ஸ்டிக்கரும் காட்டிக்கொடுக்கும். ஆனால் எப்ராம் இருந்தாலே போலி என்றும் தீர்ப்பு எழுதக்கூடாது. வெளியீட்டுக்கு முன்னால் கம்பெனிகளே சோதனைக்குச் செய்த கேசட்டுகளில் இருப்பதும் எப்ராம்தான். எனவே திருப்புளியோடு கொஞ்சம் படிப்பும் வேண்டும்.

படிப்பு ஏன் என்பதற்கு 'ஸ்டேடியம் ஈவென்ட்ஸ்' நல்ல உதாரணம். ஜப்பானின் பண்டாய் கம்பெனி 1987-ல் அமெரிக்காவில் வெளியிட்டது. தரையில் பாய் மாதிரி ஒன்றை விரித்து, அதன்மேல் ஓடிக் குதித்து விளையாடவேண்டும். நிண்டெண்டோ அந்தப் பாயின் உரிமையை வாங்கி 'பவர் பேட்' என்று பெயர் சூட்டியது. கேமின் பெயரும் 'வேர்ல்ட் கிளாஸ் ட்ராக் மீட்' என்று மாறியது. கடைகளில் இருந்த பழைய சரக்கு வாபஸ். தப்பித்தது கொஞ்சம்தான். 2010-ல் சீல் உடைக்காத ஒரு பிரதி 41,300 டாலருக்குப் போனது. பெயர் மாறிய கேமோ சில டாலருக்குக் கிடைக்கும். இரண்டையும் மெஷினில் போட்டால்? முகப்பில் பெயர் மட்டும் வேறு. ஓட்டமும் குதியும் ஒன்றே!

ஆக, வித்தியாசம் முழுக்க லேபிளில். லேபிளை அச்சடித்து ஒட்டுவது எவ்வளவு சுலபம் என்று நான் சொல்லவேண்டியதில்லை. போதாததற்கு ஐரோப்பாவில் இதே பெயரில் ஒரு பதிப்பு வந்தது. அதுவும் அசல்தான், ஆனால் அவ்வளவு அபூர்வம் இல்லை. சரித்திரம் தெரியாமல் திருப்புளியோடு மட்டும் போனவர், அசலையே வாங்கி ஏமாந்துவிட்டு வருவார்.

என்னைக் கேட்டால் விலைக்குத் தகுதியானது 1990-ல் நடந்த 'நிண்டெண்டோ வேர்ல்ட் சாம்பியன்ஷிப்ஸ்' கேசட்தான். ஊர் ஊராகப் போட்டி நடத்தினார்கள். ஆட்டம் 6 நிமிடம் 21 விநாடி. முதலில் மரியோவில் 50 காசு பொறுக்கவேண்டும். அடுத்து 'ராட் ரேசரில்' கார் ஓட்டவேண்டும். மீதி நேரத்துக்கு டெட்ரிஸ். கார் மார்க்கைப் பத்தாலும் டெட்ரிஸ் மார்க்கை இருபத்தைந்தாலும் பெருக்கிக் கூட்டுவார்கள். இறுதிக்கு வந்தவர்களுக்குச் சாம்பல் நிறக் கேசட் 90, நிண்டெண்டோவின் பத்திரிகைப் போட்டி மூலம் தங்க நிறக் கேசட் 26. மொத்தமே 116. கூட்டின் மேலேயே நேரத்தை மாற்றுகிற சின்ன ஸ்விட்சுகள் தெரியும். இதற்கும் நகல்கள் வந்துவிட்டன. நகல் என்று சொல்லியே விற்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. 116 பேர் வீட்டில் இருந்ததை மற்றவர்களும் விளையாடிப் பார்க்கட்டுமே. அசல் வேண்டுமென்பவர் மட்டும் அது யாரிடமிருந்து யார் கைக்கு வந்தது என்ற பரம்பரையைத் தேடவேண்டும்.

இதற்கு நேரெதிர் உதாரணம் அடாரியின் 'ஈ.டி.'. ஸ்பீல்பெர்க் படத்தை வைத்து ஐந்தே வாரத்தில் எழுதி, 1982-ல் லட்சக்கணக்கில் தயாரித்து, விற்காமல் தேங்கிப்போன கேம். 1983-ல் அடாரி தன் விற்காத சரக்கை நியூ மெக்ஸிகோவில் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் கொட்டிப் புதைத்தது. 2014 ஏப்ரலில் தோண்டி எடுத்தார்கள். சுமார் 1,300 கேசட்டுகள் வெளியே வந்தன. நசுங்கி, நாறி, மண் அப்பி. ஊர் நிர்வாகம் சான்றிதழோடு அவற்றை ஏலம் விட்டு ஒரு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தது. ஒன்று 1,500 டாலரைத் தாண்டியது. மண் ஒட்டாத, ஓடுகிற ஈ.டி. பழைய சாமான் கடையில் சில டாலருக்குக் கிடைக்கும்போது! இங்கே காசு மண்ணுக்கும் காகிதத்துக்கும். எனக்கு இதில் புகார் இல்லை. என்ன வாங்குகிறோம் என்று வாங்கியவருக்குத் தெரியும்.

மரியோவுக்கு வருகிறேன். அந்தப் பெட்டிக்கு வாட்டா என்ற கம்பெனி 9.8 மார்க்கும், மேலே சுற்றிய தாளுக்குத் தனியாக A++-ம் போட்டுக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்துக் கொடுத்தது. பரீட்சை எழுதியது பெட்டியின் மூலைகளும் தாளும். கேம் எழுதவே இல்லை. எழுத முடியாது, திறந்தால் சீல் போச்சு. மேலே சொன்ன சோதனைகளில், திருகாணி, போர்டு, சிப், ஈயம் எதையும் இதில் செய்யமுடியாது. மிச்சம் இருப்பது தாளின் மடிப்பும் ஒட்டுத் தையலும்தான். நிபுணர்கள் அதை வைத்து நிறையவே கண்டுபிடிப்பார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் விலை எந்தப் பொருளில் ஏறுகிறதோ, அந்தப் பொருளில்தான் சோதனை இறங்குகிறது.

மார்க் போடுகிறவர், ஏலம் விடுகிறவர், வாங்குகிறவர் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் எவ்வளவு தூரம் என்பது அடுத்த கேள்வி. விலையைச் செயற்கையாக ஏற்றினார்கள் என்று 2021-லேயே பகிரங்கமாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2022-ல் வாடிக்கையாளர்கள் வாட்டா மேல் வழக்கே போட்டார்கள். கம்பெனி குற்றச்சாட்டுகளை ஆதாரமற்றவை என்றது. நான் நீதிபதி இல்லை. என் சங்கடம் வேறு. எல்லோரும் யோக்கியர்களாகவே இருந்தாலும், திறந்து பார்க்கமுடியாத ஒரு பொருளுக்கு அந்த நம்பரைத் தவிர வேறு சாட்சி கிடையாது. நகையை உரசிப் பார்க்காமல் டப்பாவின் பளபளப்பை வைத்து விலை சொன்னால் நம் ஊர் அடகுக் கடையில் சிரிப்பார்கள்.

கடைசியாக ஒரு விஷயம்தான் என்னை உண்மையிலேயே உறுத்துகிறது. மரியோ 64-க்கு இரண்டு நாள் முன்னால் அதே ஏலத்தில் சீல் உடைக்காத 'லெஜண்ட் ஆஃப் ஸெல்டா' 8 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போனது. அந்தக் கேசட்டின் உள்ளே விளையாட்டைச் சேமித்து வைக்க ஒரு பொத்தான் பேட்டரி உண்டு. 1980-களில் வைத்தது. தீர்ந்திருக்கலாம், கசிந்திருக்கலாம், போர்டை அரித்துக்கொண்டும் இருக்கலாம். திறந்தால்தானே தெரியும்? எப்ராம்களும் நிரந்தரமில்லை. அவற்றில் பதிந்த மின்னூட்டம் பல வருடங்களில் மெல்லக் கசிந்துவிடும். வெளிவராமலே போன ஒரு கேமின் ஒரே பிரதி யாரோ ஒருவரின் அலமாரியில் இருந்து, காப்பி எடுத்தால் விலை குறையும் என்று அவர் விட்டுவைத்தால், ஒருநாள் அது வெறும் பிளாஸ்டிக். அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன்னால் அங்கே வெளிவந்த கேம்களில் 87 சதவிகிதம் இப்போது கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்றது அது. சினிமாவில் பழைய நெகட்டிவ்களைத் தொலைத்துவிட்டு நாம் இன்றும் தலையில் அடித்துக்கொள்கிறோம். அங்கே கையில் வைத்துக்கொண்டே தொலைக்கிறார்கள்.

வாங்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், முன்பு விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். போர்டின் போட்டோ கேளுங்கள். தயங்கினால் நடையைக் கட்டுங்கள். மெஷினில் போட்டு விளையாடிப் பாருங்கள்.

லேபிளில் பால்பாயின்ட் பேனாவால் ஏதாவது ஒரு பையனின் பெயர் எழுதியிருந்தால் விலையைக் குறைத்துவிடுவார்கள். குறைக்கட்டும். நான் வாங்கினால் அந்தப் பெயர் எழுதிய கேசட்டைத்தான் வாங்குவேன்.