பேசும் அவை

அவையில் வாய் திறப்பவனைப் பண்பற்றவன் என்று கருதும் பழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. அதற்குத் தக்க காரணமும் உண்டு. மிம்பரில் கத்தீப் குத்பா ஓதுங்கால், பக்கத்திலிருப்பவனைப் பார்த்து ‘பேசாதே’ என்று சொல்வதுங்கூட வீண்பேச்சே என உணர்த்தும் நபிமொழியைச் சிறுவயதிலேயே நெஞ்சில் பதித்துக் கொண்டவர்கள் நாம். மதரஸாவில் உஸ்தாதின் எதிரே தலைகவிழ்ந்திருந்து பாடங்கேட்ட பழக்கமும் சேரவே, நல்ல கேள்வியாளன் என்றால் மௌனி என்றே பொருள்கொண்டு விட்டோம்.

ஆயினும், கேட்டலும் மௌனமும் ஒன்றுதாமா? திருமறை ஓதப்படுங்கால் நம்பிக்கையாளர் எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதைக் கூறும் 7:204ஆம் வசனத்தில், செவிதாழ்த்துதலைக் குறிக்க ஒரு சொல்லும் வாய்மூடியிருத்தலைக் குறிக்க மற்றொரு சொல்லும் தனித்தனியே வந்துள்ளன. முன்னது ‘இஸ்திமாஉ’, பின்னது ‘இன்ஸாத்’. கேட்டலுக்குள் மௌனம் தானே அடங்கிவிடுமாயின் இரண்டாவது கட்டளைக்கு இடமேது? இறைமொழியின் முன் இரண்டும் கடமை, அதில் ஐயமில்லை. பிற பேச்சுகளுக்கும் பிற அவைகளுக்கும் அவ்விரண்டும் எப்பொழுதும் பிணைந்தே வரவேண்டும் என்பது பெறப்படவில்லை. குத்பாவின் நடுவிலேயே கிராமத்து அரபி ஒருவர் எழுந்து, கால்நடைகள் மடிகின்றன, மழைக்காக இறைஞ்சுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டதையும், அவர்கள் அவரைக் கடிந்துகொள்ளாது அங்கேயே கரமேந்தியதையும் அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாகப் புகாரியில் காண்கிறோம்.

இனி, இசையவைக்கு வருவோம். மிஸ்ரு நாட்டுப் பாடகி உம்மு குல்தூம் மாதத்தின் முதல் வியாழன் இரவுகளில் பாடிய அவைகளின் ஒலிப்பதிவைக் கேட்டவர்கள் அறிவர்: ஓரடி முடியுமுன்னே கூட்டத்திலிருந்து ‘அல்லாஹ்’ என்னும் கூவல் எழும், மீண்டும் பாடுக என்னும் வேண்டுகோள் எழும், அவரும் அவ்வடியையே வேறு வேறாக வளைத்துப் பாடுவார். இந்நிலையை அரபியர் ‘தரப்’ என்பர். அங்கே வாய்மூடியிருக்கும் அவை பாடுபவரைப் பட்டினி போட்ட அவையாகும்.

இந்த ஆராய்ச்சிக்கு நம்மைத் தூண்டியது ஒரு திரைப்படம். சினிமா ஆகுமா, ஆகாதா என்னும் வழக்கை ஈண்டு நாம் கிளறப் போவதில்லை. அதற்குரிய இடங்கள் வேறு. இங்கே நம் பொருள் திரையன்று. திரைக்கு எதிரே அமர்ந்திருக்கும் மக்கள். அம்மக்களைப் போல் பேசும் அவை உலகில் அரிது என்று சொல்லத்தக்க நாடு ஜமைக்கா.

கியூபாவுக்குத் தெற்கே கரிபியன் கடலில் கிடக்கும் சிறு தீவு அது. ஆங்கிலேயரிடமிருந்து 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடுதலை பெற்றது. தலைநகர் கிங்ஸ்டன். அந்நகரின் பழைய கொட்டகைகள் பல கூரையற்றவை. மேலே வானம், எதிரே திரை. 1950களிலும் 60களிலும் அமெரிக்கக் குதிரைவீரர் படங்களும், பின்னர் அவ்வகையிலேயே இத்தாலியர் எடுத்த படங்களும், 70களில் ஹாங்காங்கின் குங்ஃபூ படங்களும் அங்கே ஓடின. ஏழை இளைஞர்கள் திரளாக வந்தனர். வந்தவர்கள் சும்மா இருந்தாரல்லர். பின்னால் பதுங்கியிருப்பவனைப் பற்றி நாயகனுக்கு எச்சரிக்கை செய்வர், கோழையை ஏசுவர், அசட்டு வசனத்துக்கு அதைவிடக் கூரிய மறுமொழி சொல்லிக் கொட்டகையையே சிரிப்பில் ஆழ்த்துவர். வெளிநாட்டார் சிலர் இதைக் கண்டு முகஞ்சுளித்ததுண்டு. கல்வியற்ற கூட்டம், நிழலை நிசமென்று நம்பிக் கத்துகிறது என்பது அவர்கள் முடிவு. இம்முடிவு தலைகீழானது என்பதே நம் கருத்து.

ஜமைக்கா மக்களின் செவியும் நாவும் எங்கிருந்து வந்தவை என்பதைச் சற்றே நோக்கவேண்டும். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். அவ்வாறு வந்தவருள் முஸ்லிம்களும் இருந்தனர் என்பது நம் வாசகர் பலருக்குப் புதிய செய்தியாயிருக்கலாம். மஞ்சஸ்டர் என்னும் வட்டாரத்தில் அடிமையாய் வாழ்ந்த முஹம்மது கபா என்பார், தொழுகை முதலான மார்க்கச் சட்டங்களைப் பற்றி அரபியில் ஒரு நூலையே 1820களில் தம் கைப்பட எழுதினார். அக்கையெழுத்துப் பிரதி இன்றும் இருக்கிறது. திம்புக்துவில் பிறந்த அபூபக்ரு சித்தீக் என்பார் 1834இல் விடுதலை பெற்று, தம் வரலாற்றை அரபியில் எழுதி வைத்தார். கரும்புத் தோட்டத்துக்கும் சாட்டைக்கும் நடுவே, கிதாபு ஏதும் கைவசமின்றி நினைவிலிருந்து ஃபிக்ஹு எழுதியவரை எண்ணுங்கால் நெஞ்சு கனக்கிறது. கொட்டகை ஆரவாரம் இவர்களிடமிருந்து வந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தத் தீவு எழுத்தும் சொல்லும் அறியாதார் தீவன்று என்பதற்காகவே இதைக் குறித்தோம்.

ஆரவாரத்தின் வேர் வேறிடத்திலிருக்கிறது. ஆப்பிரிக்காவின் அக்கான் மக்களிடமிருந்து வந்த அனான்சி என்னும் தந்திரச் சிலந்தியின் கதைகளை ஜமைக்காப் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கின்றனர். கேட்போர் இடையிடையே சேர்ந்து பாடுவர், குறுக்கே பேசுவர். கதை முடிந்ததும் சொன்னவர் ஒரு வாய்பாட்டைச் சொல்லித் தம்மை விடுவித்துக் கொள்வார். இக்கதையில் நடந்தவற்றுக்கு யான் பொறுப்பல்ல என்பது அதன் கருத்து. அரபி வரலாற்றாசிரியர் ஐயத்துக்குரிய செய்தியை எழுதிவிட்டு, ‘அதன் பொறுப்பு அறிவித்தவரைச் சேரும்’ என்று ஒதுங்கிக் கொள்ளும் வழக்கத்தை நாம் அறிவோம். இரண்டும் ஒரே இனத்தவை. சொல்லப்பட்டது கதை, சொன்னவன் மனிதன், கேட்பவன் தன் அறிவைக் கைவிடலாகாது. இந்த ஒப்பந்தத்தில் பழகிய மக்களே கொட்டகையில் போய் உட்கார்ந்தனர்.

இசையிலும் இதே வழக்கத்தைக் காணலாம். இசைத்தட்டின் மறுபக்கத்தில் பாடகன் குரலை நீக்கி இசையை மட்டும் பதிப்பது 1960களின் இறுதியில் கிங்ஸ்டனில் பரவியது. ஒலிபெருக்கியில் அவ்விசை முழங்க, மைக்கைப் பிடித்து நிற்பவன் அதன்மேல் தன் பேச்சைத் தாளத்தோடு தொடுப்பான். யூ-ராய் என்பவர் 1970இல் வெளியிட்ட தட்டுகளில், மூலப் பாடகனின் குரல் இடையிடையே தலைகாட்ட, இவர் அதற்கு மறுமொழி கூறுவார். கொட்டகையின் முன்வரிசைக்காரன் திரைக்குச் சொன்ன மறுமொழியை இவர் இசைத்தட்டுக்குச் சொன்னார், வேற்றுமை அவ்வளவே. இக்கலைஞர்களுள் பலர் சூடிக்கொண்ட பெயர்களும் கொட்டகையிலிருந்து வந்தவையே. கிளின்ட் ஈஸ்ட்வுட் என்றும் ஜோசி வேல்ஸ் என்றும் பெயர் வைத்துக்கொண்டோர் உண்டு. முகக்குறையுடன் பிறந்த கிங் ஸ்டிட் என்பார், ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி’ படத்தில் வரும் ‘அக்ளி’ என்ற பட்டத்தைத் தாமே எடுத்துத் தலையில் சூடிக்கொண்டார். பிறர் ஏசுமுன் தானே அணிந்துகொண்ட அப்பெயரின் துணிவை நாம் வியக்கிறோம்.

இனிப் படத்துக்கு வருவோம். ‘தி ஹார்டர் தே கம்’ என்பது அதன் பெயர். 1972இல் வெளிவந்தது. இயக்கியவர் பெர்ரி ஹென்செல். நாயகனாக நடித்தவர் பாடகர் ஜிம்மி கிளிஃப். ஜமைக்கா மக்களே எடுத்த முதல் முழுநீளக் கதைப்படம் என்று அதைக் கூறுவர். அதற்குமுன் அத்தீவு திரையில் தோன்றியதில்லையோ என்றால், தோன்றியதுண்டு; 1962இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமாகிய ‘டாக்டர் நோ’ அங்கே எடுக்கப்பட்டதே. ஆனால் அங்கே தீவு வெறும் திரைச்சீலை. மக்கள் அதில் வரைந்த உருவங்கள்.

கதை எளிது. ஐவன் என்னும் இளைஞன் பாட்டியின் மரணச் செய்தியோடு நாட்டுப்புறத்திலிருந்து பேருந்தேறிக் கிங்ஸ்டன் வருகிறான். வந்த அன்றே உடைமைகளைப் பறிகொடுக்கிறான். வேலை கிடைக்கவில்லை. பாடல் ஒன்றைப் பதிவு செய்கிறான். இசைத்தட்டு முதலாளி இருபது டாலரைக் கொடுத்து அதை விழுங்கிவிடுகிறான். பிறகு கஞ்சா வாணிபம், காவலரைச் சுட்டு வீழ்த்துதல், தலைமறைவு. இரு கைகளிலும் துப்பாக்கி ஏந்தி நின்று படம் பிடித்துக்கொண்டு பத்திரிகைக்கு அனுப்புகிறான். அவன் தேடப்படும் குற்றவாளியான பின்னரே அவன் பாடல் நாடெங்கும் ஒலிக்கிறது. இக்கதைக்கு வித்தாயிருந்தவன் 1948இல் லைம் கே என்னும் மணல்தீவில் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்ட ரைகின் என்னும் கொள்ளையன்.

படத்தின் உயிர் தொடக்கப் பகுதியில் வரும் ஒரு காட்சியிலிருக்கிறது. ஐவன் ரியால்டோ கொட்டகைக்கு அழைத்துச் செல்லப்படுகிறான். அங்கே ஓடுவது செர்ஜியோ கோர்புச்சி 1966இல் எடுத்த ‘ஜாங்கோ’. முகமூடியணிந்த கூட்டம் ஒருபுறம். நாயகன் தனியனாய் மறுபுறம். கொட்டகை கொதிக்கிறது. அவன் கதை முடிந்தது என்று அஞ்சுவோருக்கு மறுமொழியாக அங்கே ஒரு பேச்சு எழுகிறது: கடைசிச் சுருள் வரும்வரை நாயகன் சாகமாட்டான் என்பது அதன் கருத்து. நாயகன் இயந்திரத் துப்பாக்கியை எடுத்து எதிரிகளைச் சாய்க்கிறான். கூட்டம் துள்ளிக் குதித்துச் சிரிக்கிறது.

அப்பேச்சை நன்கு எண்ணிப் பார்க்கவேண்டும். அது நிழலை நிசமென்று நம்பியவன் பேச்சன்று. கதைகள் எவ்வாறு கட்டப்படுகின்றன, நாயகனைக் கொன்றுவிட்டால் கொட்டகைக்காரனுக்கு என்ன மிஞ்சும், சுருள்கள் எத்தனை என்பனவெல்லாம் அறிந்த திறனாய்வாளன் பேச்சு அது. பள்ளிக்கூடங் காணாத அந்த இளைஞன் ஒரே வாக்கியத்தில் ஒரு கலையின் இலக்கணத்தைச் சொல்லிவிட்டான். ஐவனோ நாட்டுப்புறத்திலிருந்து நேற்று வந்தவன்; கொட்டகையின் பாஷை அவனுக்குப் புதிது. கூட்டம் படத்தைப் பற்றிச் சொன்னதை அவன் தன் வாழ்வைப் பற்றிய வாக்குறுதியாக எடுத்துக் கொள்கிறான். நாயகன் என்றால் தான்தான்; சுருளோ இன்னும் முடியவில்லை. அவன் பின்னர்ச் செய்யும் அனைத்தும், புகைப்படம் உட்பட, இந்தத் தவற்றிலிருந்தே கிளைக்கின்றன.

இறுதிக் காட்சியில் லைம் கே கரையில் படைவீரர் வந்திறங்குகின்றனர். காயமுற்ற ஐவன் வெளிப்பட்டு, தனியொருவன் எதிரே வரட்டும் என அறைகூவுகிறான். ஆங்கே இயக்குநர் ரியால்டோவின் சிரித்த முகங்களை இடையிடையே வெட்டி ஒட்டுகிறார். இதைக் கண்டு, கும்பல் ஒருவன் சாவைப் பார்த்துச் சிரிக்கிறது, கொடுமை என்று சொல்வாருண்டு. நாம் உடன்படவில்லை. அம்முகங்கள் ஜாங்கோவைப் பார்த்துச் சிரித்த முகங்கள். ஐவனை அவர்கள் அறியார். அச்சிரிப்பு கேட்பது ஐவன் செவியில் மட்டுமே. துப்பாக்கிகளுக்கு எதிரே நிற்கையிலும் அவன் கொட்டகையிலேயே இருக்கிறான். கும்பலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. ஆனால் அதே கும்பலிலிருந்த நூற்றுக்கணக்கானோர் அன்றிரவு சிரித்துவிட்டு வீடு திரும்பி, மறுநாள் வேலை தேடிச் சென்றனர் என்பதை இப்படம் மறைக்கவில்லை.

படத்தில் குறையில்லாமலில்லை. ஐவனின் பாவங்களுக்குப் பாட்டின் இனிமை சற்று அளவுமீறித் துணை நிற்கிறது. கஞ்சா வாணிபத்தின் மேலிடத்து உடந்தையைத் துணிந்து காட்டும் இயக்குநர், அதனால் கெட்டழியும் குடும்பம் ஒன்றையேனும் காட்டியிருக்கலாம். மதபோதகரை வெறும் வேடதாரியாகவே வரைந்தது எளிய வழி. குடும்பத்தோடிருந்து பார்க்கத்தக்க படமன்று என்பதையும் ஒளியாமல் கூறுகிறோம். இரத்தமும் பிறவும் மிகுதி.

எனினும், நம் இல்லங்களில் படங்கள் இன்று எவ்வாறு பார்க்கப்படுகின்றன என்பதை இந்நேரத்தில் எண்ணாதிருக்க முடியவில்லை. பிள்ளை காதில் கருவியைச் செருகிக்கொண்டு, போர்வைக்குள் கைப்பேசியை வைத்துத் தனியே பார்க்கிறான். அங்கே பூரண மௌனம். பக்கத்திலிருந்து, ‘அட, கடைசிச் சுருள் வரை அவன் சாகமாட்டான்’ என்று சொல்ல ஒருவருமில்லை. கொட்டகைக்குப் போகாதே என்று தடுத்த பெற்றோர் பலர் இந்த மௌனத்தைக் கண்டு, பிள்ளை அடக்கமாயிருக்கிறான் என்று ஆறுதல் கொள்கின்றனர். உடனமர்ந்து, குறுக்கே பேசி, இது பொய், இது அசடு, இது நன்று என்று சொல்லும் ஒரு மூத்தவர் நாவு அவனுக்கு வாய்த்தால் நலமென்று நாம் கருதுகிறோம். பிள்ளைக்குச் சினம் வரலாம்; வரட்டும்.

இப்படம் முதன்முதலில் திரையிடப்பட்டது கிங்ஸ்டனின் காரிப் என்னும் பெருங்கூடத்தில். 1938இல் கட்டப்பட்டது அது. அன்று மக்கள் இருக்கைகளுக்குப் பன்மடங்காகத் திரண்டு, கதவுகளைத் தள்ளிக்கொண்டு உட்புகுந்து, ஓரிருக்கையில் இருவர் மூவராக அமர்ந்தனர். வாழ்நாளெல்லாம் அயலார் முகங்களோடு பேசிய மக்கள், அன்று தம் தெருவையும் தம் பாட்வா மொழியையும் திரையில் கண்டனர். அமெரிக்காவில் அப்படத்துக்கு ஆங்கில எழுத்து வரிகள் தேவைப்பட்டன. காரிப்பில் ஒரு சொல்லுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அக்கூடம் 1996இல் தீக்கிரையாயிற்று. மறு ஆண்டு அதே இடத்தில் மீண்டும் எழுப்பினர். இம்முறை ஒரே கூடமாக அன்று, ஐந்தாகப் பிரித்து.