வெளியேறும் உரிமை: பெரம்பலூர், அரியலூர் இணையத்தளங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

நிரலெழுதத் தெரியாத அலுவலரும் ஓர் இணையத்தளத்தின் பக்கங்களை எழுதவும் திருத்தவும் வெளியிடவும் துணைசெய்கின்ற மென்பொருள் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு எனப்படுகிறது. அலுவலக வழக்கில் அது சி.எம்.எஸ். என்றே வழங்குகிறது. இதைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் விலையையும் தோற்றத்தையும் பார்க்கின்றனர். சேர்த்து வைத்த எழுத்தையும் படங்களையும் முகவரியையும் இழக்காமல் வேறிடம் செல்ல முடியுமா என்ற கேள்வி, செல்லவேண்டிய நாள் வந்த பிறகே எழுகிறது. செல்ல இயலாமல், அல்லது செல்வதற்கான செலவைத் தாங்க இயலாமல், ஒரே நிறுவனத்தை நம்பிக் கிடக்கும் அந்நிலையை நிறுவனப் பிணைப்பு எனலாம். அதைத் தவிர்க்கக் கட்டற்ற மென்பொருளை, அதாவது மூலநிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் நகலெடுக்கவும் உரிமம் தருகின்ற மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதே இன்று பரவலாகப் பரிந்துரைக்கப்படும் நடைமுறை. இந்நடைமுறை சரியானதே, ஆனால் அதை மட்டும் நம்பினால் போதாது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நிர்வாக வரலாறே இக்கேள்விக்கு ஏற்ற பின்னணியாக அமைகிறது. திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995இல் பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்து, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஓர் அமைப்பு பிரிவதும் சேர்வதும் மீண்டும் பிரிவதும் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நிகழக்கூடியவை என்னும்போது, அரியலூர்ப் பகுதியின் கங்கைகொண்ட சோழபுரம் பற்றிய ஒரு பக்கமோ ஜெயங்கொண்டம் வட்டத்துக்கான ஓர் அறிவிப்போ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சிதையாமல் மாறக்கூடியதாக இருப்பது அடிப்படைத் தேவையாகிறது.

இவ்விரு மாவட்டங்களின் அதிகாரபூர்வத் தளங்களும் இன்று தேசியத் தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் என்னும் பொதுத் தளத்தில் இயங்குகின்றன. பாதுகாப்பு, விரிவாக்கம், எளிய அணுகல் ஆகிய மூன்றையும் முன்னிறுத்தி, நாடெங்கும் உள்ள மாவட்டத் தளங்களுக்குப் பொதுவான வார்ப்புகளை அளிக்கும் ஏற்பாடு இது. கோப்பு முகவரிகளில் 'அப்லோட்ஸ்' என்ற சொல்லுக்குப் பின் ஆண்டும் மாதமும் வரிசையாக வருவதைப் பார்த்தாலே, அடியில் இருப்பது 2003இல் தோன்றிய கட்டற்ற மென்பொருளான வேர்ட்பிரஸ் என்பது விளங்கும். அரசுத் துறைகள் கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று இந்திய அரசு 2015இல் வகுத்த கொள்கையோடும் இது பொருந்துகிறது.

இந்த ஏற்பாட்டின் நன்மையைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. பாதுகாப்புத் திருத்தங்களை மாவட்ட அலுவலகம் ஒவ்வொன்றும் தனித்தனியே நிறுவவேண்டியதில்லை. தமிழ், ஆங்கிலம் என இரு மொழிகளிலும் பக்கங்கள் அமைகின்றன. பார்வைக் குறைபாடு உடையோர் திரைவாசிப்பானின் துணையோடு படிப்பதற்கான வசதிகள் வார்ப்பிலேயே சேர்க்கப்பட்டுள்ளன. பயனாளர் கருத்துப் பெட்டிக்குக்கூட நிரலாளரைத் தேடிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். எனினும், மென்பொருள் கட்டற்றதாக இருந்தாலும் வார்ப்புருவும், சர்வர் எனப்படும் வழங்கியும், நிர்வாகக் கட்டுப்பாடும் ஒரே மையத்திடம் உள்ளன. பதிவேற்றிய கோப்புகள் மாவட்டத்தின் சொந்த முகவரியின்கீழ் அல்லாமல் பொதுத் தளத்தின் முகவரியின்கீழ் கிடக்கின்றன. அந்த முகவரி மாறினால், ஏற்கெனவே பகிரப்பட்ட இணைப்புகளின் கதி அந்த மையத்தின் கவனிப்பைப் பொறுத்ததாகிவிடுகிறது. லாப நோக்குள்ள ஒரு நிறுவனத்திடம் சிக்குவதும் பொது நிறுவனம் ஒன்றைச் சார்ந்திருப்பதும் ஒன்றல்ல. பின்னதில் பொறுப்புக்கூறல் உண்டு. ஆனால் வெளியேறும் வழி அகலமாக இருக்கிறதா என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

வேர்ட்பிரஸில் 'எக்ஸ்போர்ட்' என்ற கட்டளை தரும் கோப்பை ஒருவர் திறந்து பார்த்தால் இக்கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பு, வெளியான நாள், எழுதியவர் பெயர், வகைப்பாடு, முழு எழுத்து ஆகியவை எந்த நிரலும் படிக்கக்கூடிய எக்ஸ்.எம்.எல். வடிவில் ஒழுங்காக இருக்கின்றன. படங்கள் அதில் இல்லை. படம் இருக்கும் முகவரி மட்டுமே இருக்கிறது. ஆகவே பழைய வழங்கி நிறுத்தப்பட்டபின் இக்கோப்பை மட்டும் வைத்திருப்பவருக்கு எழுத்து மிஞ்சும், படங்கள் மிஞ்சா. தளத்தின் தோற்ற அமைப்பும் செருகுநிரல்களின், அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணைநிரல்களின் அமைப்புகளும் அதில் முழுமையாக வருவதில்லை. தரவுத்தளத்தையும் பதிவேற்றக் கோப்புறையையும் சேர்த்து நகலெடுத்தாலன்றிக் காப்புநகல் முழுமை பெறாது.

இதைவிட ஆழமான பிணைப்பு, சுட்டியால் இழுத்துப்போட்டுப் பக்கம் அமைக்க உதவுகின்ற பேஜ் பில்டர் கருவிகளில் மறைந்திருக்கிறது. அவற்றுள் சில, எழுத்தின் நடுவே தமக்கே உரிய குறியீடுகளைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதிவைக்கின்றன. அக்கருவியை நிறுத்திய மறுகணமே பக்கம் முழுதும் அந்தக் குறிகள் எழுத்தோடு கலந்து தெரிகின்றன. கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்ததாக நம்பிய கல்லூரியோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, தான் அறியாமலே அதன்மேல் மற்றொரு விற்பனையாளரை ஏற்றிவைத்திருக்கிறது. நடைமுறையின் பெருங்குறை இதுவே: உரிமத்தைப் பார்ப்பவர்கள், எழுத்து எவ்வடிவில் சேமிக்கப்படுகிறது என்பதைப் பார்ப்பதில்லை.

தமிழ் அறிந்தோருக்கு இந்தப் பாடம் புதிதன்று. பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. 'தமிழ்' என்று பாமினியில் அடித்த கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே தெரியும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடு எனப்படும் ஒருங்குறியையும் டேஸ்16 குறியாக்கத்தையும் தரநிலைகளாக ஏற்றது. அதன்பின்னும் பழைய எழுத்துருவில் அடித்த சுற்றறிக்கைகள் பி.டி.எஃப். கோப்புகளாகத் தளங்களில் ஏறுவது நிற்கவில்லை. அத்தகைய கோப்பையோ, அச்சிட்டு ஒளிவருடிய தாளையோ தேடுபொறிகள் சரிவரப் படிப்பது அரிது. எந்த ஏற்றுமதிக் கட்டளையும் அதை எழுத்தாக்கித் தராது. மென்பொருளைவிடக் குறியாக்கமே வலிய பூட்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மாதக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் மூடிய சேவைகளை அறவே ஒதுக்குவதும் பொருந்தாது. சின்ன வெங்காயம் விற்கும் பெரம்பலூர் வியாபாரிக்கோ முந்திரி விற்கும் ஜெயங்கொண்டத்து வியாபாரிக்கோ வழங்கியைப் பராமரிக்க ஆள் இல்லை. பழைய செருகுநிரலால் கைப்பற்றப்பட்ட வேர்ட்பிரஸ் தளத்தைக் காட்டிலும், ஒரு நிறுவனம் பாதுகாக்கும் மூடிய தளம் அவருக்கு மேல். ஆனால் அங்கே வெளியேறும் வழி குறுகலானது. அத்தகைய சேவைகளுள் ஒன்றான விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே வேறொரு வழங்கிக்குக் கொண்டுபோக முடியாது என்பதை அந்நிறுவனமே தன் உதவிப் பக்கங்களில் தெரிவிக்கிறது. கூகுள் தன் பிசினஸ் ப்ரொஃபைல் வழியே சிறு வணிகர்களுக்கு அளித்த இலவசத் தளங்களை 2024 மார்ச்சில் மூடியது. சில மாதங்கள் மட்டுமே பழைய முகவரிக்கு வந்தோர் திருப்பிவிடப்பட்டனர். விலைப்பட்டியலும் தொடர்பு எண்ணும் மட்டுமே கொண்ட ஒரு பக்கத் தளத்துக்கு இந்த இழப்பு தாங்கக்கூடியது. இருபதாண்டு ஆவணங்களைச் சுமக்கும் பள்ளிக்கோ ஊராட்சிக்கோ தாங்காது.

கட்டற்ற மென்பொருளுக்கும் தனக்கே உரிய அதிகார மையங்கள் உண்டு. வேர்ட்பிரஸ் நிறுவனர் தரப்புக்கும் டபிள்யூ.பி. எஞ்சின் என்ற வழங்கி நிறுவனத்துக்கும் 2024 செப்டம்பரில் மூண்ட பூசலில், புதுப்பிப்புகளை வழங்கும் மையத் தளத்தை அந்நிறுவனத்தின் வழங்கிகள் அணுகாதவாறு தடை விதிக்கப்பட்டது; அதன் வாடிக்கையாளர்கள் இடையில் சிக்கினர். மற்றொரு கட்டற்ற சி.எம்.எஸ். ஆன ட்ரூபலின் 7ஆம் பதிப்புக்கான ஆதரவு 2025 ஜனவரியில் முடிந்தபோது, அடுத்த பதிப்புகளின் கட்டமைப்பு வேறாக இருந்ததால், மேம்படுத்துவதென்பது பெரும்பாலோர்க்குத் தளத்தை மறுபடி கட்டுவதாகவே முடிந்தது. ஆயினும் இவ்விரு நிகழ்வுகளிலும் தளங்கள் அழியவில்லை. மூலநிரலும் தரவும் உரியவர் கையிலேயே இருந்தன. மூடிய சேவையில் இந்த உத்தரவாதம் கிடையாது. எளிய எழுத்துக் கோப்புகளிலிருந்து பக்கங்களை ஆக்கும் ஹியூகோ போன்ற கருவிகள் வெளியேறும் வழியில் அனைத்தையும் விஞ்சுகின்றன. ஆனால் அலுவலக உதவியாளர் அவற்றைக் கையாளத் திணறுவார் என்பதால் இங்கே அவற்றைப் பொதுவாகப் பரிந்துரைக்க முடியாது.

இவை அனைத்தையும் எடைபோட்டால், இம்மாவட்டங்களின் பள்ளி, கல்லூரி, கூட்டுறவுச் சங்கம் போன்றவற்றுக்கு எளிய வார்ப்புருவோடு கூடிய வேர்ட்பிரஸே பொருத்தமானது. பேஜ் பில்டர் வேண்டாம். அதற்கும் முன்னதாக முடிக்கவேண்டிய வேலை ஒன்று உண்டு. டொமைன் எனப்படும் தளப்பெயர், தளம் அமைத்துத் தந்தவரின் பெயரில் பதிவாகியிருந்தால், எந்த மென்பொருளும் விடுதலை தராது. ஆகவே பொறுப்பிலிருப்போர் அடுத்த ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தும் முன், தளப்பெயர் நிறுவனத்தின் பெயரிலும் நிறுவன மின்னஞ்சலிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறிவிப்புகளை ஒருங்குறி எழுத்தாகவே பக்கத்தில் இட வேண்டும். முழு நகலை ஆண்டுக்கு ஒருமுறையேனும் வேறொரு வழங்கியில் ஏற்றி, படங்களோடு திறக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.